அடுத்தடுத்த வீடு, 35 லட்சம் வித்தியாசம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே வீடு பார்க்கப் போனாலும் இதே எரிச்சல்தான். அடுத்தடுத்த இரண்டு வீடு, சென்ட் கணக்கும் வயசும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் 55 லட்சம் என்கிறார், மற்றவர் 90 என்கிறார். கேட்டால், "பையன் கல்ஃபில இருக்கான், விக்க அவசரமில்ல." அவசரமில்லாதவர் சொல்வது அவருடைய ஆசை. விற்பனை மந்தமான காலத்தில் அந்த ஆசையைத் திருத்த, அந்தத் தெருவில் அண்மையில் முடிந்த கிரயமே இருக்காது. இருந்தாலும் பத்திரத்தில் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பை, ஒட்டிய தொகைதான். முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையுமாக 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 100-க்கு 9 ரூபாய் போகிறதே என்று உண்மை விலையை எழுதுவதில்லை. அதனால் பழைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று பார்த்தும் குழப்பமே மிச்சம்.

தரகர்கள் வேறு. ஒரே வீடு, மூன்று பேரிடம் மூன்று விலை.

கட்டிய செலவை அப்படியே கேட்பது அதைவிட மோசம். 20 வருஷ மொசைக் தரைக்குப் புது விலை கிடையாதய்யா! கேட்கும் தொகையில் தேய்மானம் போகக் கட்டடத்துக்கு இன்று மிஞ்சும் மதிப்பைக் கழித்து, மீதியைச் சென்டால் வகுத்துப் பாருங்கள். 8 சென்ட், 60 லட்சம், கட்டடம் 20 லட்சம் என்றால் சென்டுக்கு 5 லட்சம். கார் வாசல்வரை வருமா, கோடையில் கிணறு வற்றுமா, இவைதான் அந்த 5-ஐ ஏற்றி இறக்க வேண்டும். வயல் நிரப்பிய மனையென்றால் அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடிக்கலாம். அதற்குக் குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது.