மேலே ஏறுவது சரி, இறங்குவது?

வள்ளிமலைப் படியில் பாதி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அக்கா மகன் போனை நீட்டினான். கைகளில் குட்டி ஜெட் இன்ஜின்களை மாட்டிக்கொண்டு ஒருவர் மலைச்சரிவில் பறந்து போகிறார். "மாமா, இது இருந்தா வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல மாட்டிக்கவே வேணாம்ல?"

பறப்பது 1961-லேயே ஆகிவிட்டது. பெல் நிறுவனத்தின் ராக்கெட் பெல்ட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஹெரால்ட் கிரஹாம் 13 நொடி பறந்தார். போன தூரம் 34 மீட்டர். டேங்க் நிறைய ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினாலும் சுமார் 20 நொடிதான் தாங்கும். 2019-இல் பிராங்கி சபாடா ஜெட் பலகை மேல் நின்றபடி ஆங்கிலக் கால்வாயை 22 நிமிடத்தில் கடந்தார். அவரும் நடுக்கடலில் படகில் இறங்கி எரிபொருள் மாற்ற வேண்டியிருந்தது. விமானத்தை இறக்கை தாங்குகிறது. இதில் ஆளின் முழு எடையையும் ஒவ்வொரு நொடியும் இன்ஜினே தாங்க வேண்டும். அப்புறம் எரிபொருள் எப்படி நிற்கும்? நம் கத்திரி வெயிலில் காற்று லேசாகி ஜெட்டின் உந்துவிசை இன்னும் குறையும். நாயகன் ஊர்விட்டு ஊர் பறக்கும் விஞ்ஞானக் கதைகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. இன்ஜின் நின்றால் விமானம் சறுக்கிக்கொண்டு இறங்கும். ஹெலிகாப்டரின் விசிறிகூட விழும்போது காற்றில் தானாகச் சுழன்று காப்பாற்றும். இது கல் மாதிரி விழும். நாலு மாடி உயரத்தில் பாராசூட் விரியக்கூட நேரம் கிடையாது.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்ததே சமணச் சிற்பங்களைப் பார்க்கத்தான். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான அரசி விசயை மயில் வடிவப் பறக்கும் இயந்திரமான மயிற்பொறியில் தப்பிக்கிறாள். அதன் திருகை வலப்பக்கம் திருப்பினால் மேகத்தைக் கிழித்து ஏறும், இடப்பக்கம் திருகினால் காலை மடக்கி உட்காரும். வழியில் பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு அவள் மயங்கிவிடுகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஓட்டுகிறவர் மயங்கினால் என்ன ஆகும் என்று அதை எழுதிய திருத்தக்கதேவர் யோசித்திருக்கிறார்! இன்று பறக்கும் கருவியை வைத்துக் கதை எழுதுகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் வீடியோவை மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை அந்த மனிதரின் காலுக்குக் கீழே பார்த்தான். "மாமா, இவர் ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல போகவே இல்ல."