ஒலெக் என்ற பெயரும் ஸ்லாவியப் பெயர் அன்று
ரஷ்ய ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் விளையாட்டு) வீரர்களின் முதற்பெயர்கள் எல்லாம் கலப்பற்ற ஸ்லாவியப் பெயர்கள், அதாவது ரஷ்யன் முதலான ஸ்லாவிய மொழிகளிலேயே பிறந்தவை, என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இணையர் பிரிவில் தங்கம் வென்ற இரினா ரோத்னினாவின் பெயர், அமைதியைக் குறிக்கும் ‘எய்ரேனே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எவ்கேனி புளூஷென்கோவின் பெயரும் ‘நற்குடியில் பிறந்தவர்’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரே. கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியப் பேரரசின் கிறித்தவம் 988 அளவில், பழைய ருஸ் நாட்டின் தலைநகரான கீவுக்கு வந்த பின், இவை ஞானஸ்நானப் பெயர்களாக அங்கே வேரூன்றின. 1964இலும் 1968இலும் இணையர் தங்கம் வென்ற தம்பதியைப் பாருங்கள்: லியுத்மிலா பெலொவுசோவாவின் பெயர், மக்கள், அன்பு என்னும் இரு வேர்கள் கூடிய உண்மையான ஸ்லாவியப் பெயர், அவருடைய கணவர் புரோத்தபோப்பவின் ‘ஒலெக்’கோ, கேட்பதற்கு எவ்வளவுதான் ரஷ்யத்தனமாக இருந்தாலும், ‘ஹெல்கி’ என்னும் பழைய ஸ்காண்டிநேவியப் பெயரின் திரிபு.