கடற்காற்றும் மெத்தைத் தூசியும்
கடலோர ஊர்களின் காற்று தூய்மையானது, ஆகவே அங்கே தூசி ஒவ்வாமை குறைவு என்று தூசி ஒவ்வாமை பற்றிய கட்டுரையில் வரும் வரியை, ராமேசுவரம் அருகே கடலோர ஊரான மண்டபத்தில் வசிக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சி உயிர்வாழ்கிறது என்பதால், உப்புக்காற்றில் சட்டைத்துணிகூடப் பிசுபிசுக்கும் எங்கள் வீடுகள் அதற்கு மிகவும் உகந்த இடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட வழியில்லாமல் போனால், விடியற்காலையில் தலையணையைத் தட்டிய சில நிமிடங்களிலேயே எனக்கு அடுக்குத்தும்மல் பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்துக்குக் காரணம், முன்பே உருவாகி, மூக்கின் உட்சவ்வு போன்ற இடங்களிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும் ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் வகை) எதிர்ப்பொருள்கள்தாம். பூச்சியின் எச்சத்திலுள்ள புரதம் அருகருகே இருக்கும் இரண்டு எதிர்ப்பொருள்களை ஒருசேரப் பிணைத்ததும், செல்லுக்குள் நுண்பைகளில் தயாராக இருந்த, தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டுகிறது. ஒவ்வாமைக்குப் போடும் செட்டிரிசின் மாத்திரை ஹிஸ்டமின் சுரப்பையே நிறுத்திவிடும் என்று கட்டுரையின் கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருப்பதும் சரியன்று. ஹிஸ்டமின் சென்று பொருந்தும், செல்களிலுள்ள எச்1 ஏற்பி என்ற இடத்தைத்தான் அது அடைக்கிறது, அதே மாஸ்ட் செல்கள் வெளியிடும், மூக்கடைப்பை உண்டாக்கும் லூக்கோட்ரையீன் போன்ற வேறு வேதிப்பொருள்களை அது தொடுவதில்லை என்பதால், தும்மலும் அரிப்பும் அடங்கிய பிறகும் எனக்கு மூக்கடைப்பு மட்டும் மதியம்வரை நீடிக்கிறது.