பூச்செடி வாங்கப் போகும் இடம் மட்டும் இல்லை சுங்கை பூலோ

உங்கள் கட்டுரையில் மலேசியாவில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை பூலோவை வார விடுமுறையில் செடி வாங்கப் போகும் இடமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படங்கள் அருமை, ஆனா பாதிக் கதை விட்டுப்போச்சு.

கோலாலம்பூரில் செத்தாப்பாக் பக்கம் தொழுநோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய விடுதியின் நிலைமையைப் பார்த்து மனம் பொறுக்காத டாக்டர் டிராவர்ஸ் என்பவர், வார்டுக்குப் பதிலா சின்னச் சின்ன வீடுகளும் தோட்டமுமாக ஒரு குடியிருப்பு வேண்டும் என்று வற்புறுத்தி, 1930-இல் காட்டுக்கு நடுவே திறந்ததுதான் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு. அடைக்கலம்தான், மறுக்கவில்லை. ஆனா தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தச் சொன்ன 1926 சட்டப்படி கட்டாயமாகக் கொண்டுவந்து விட்ட அடைக்கலம். வெளியில் செல்லாத தனிப் பணம்கூட உள்ளே புழங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துவிடுவார்கள், அதைக் கேட்டால் இன்னும் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

மருந்து வந்து குணமான பிறகும் வீட்டில் சேர்க்காததால் பலர் அங்கேயே தங்கி, பிழைப்புக்குப் பூச்செடி வளர்த்தார்கள். நீங்கள் படம் எடுத்த காகிதப்பூ வரிசை அப்படி ஆரம்பித்த தொழில்தான், இப்போது வெளியாட்களும் கடை போட்டிருக்கிறார்கள். 2007-இல் பல்கலைக்கழக வளாகத்துக்காகக் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்தது வேறு கதை.

அடுத்த தடவை போனால் செடிக்கடையோடு திரும்பிவிடாமல் குடியிருப்புக்கு உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்தையும் பாருங்கள். அப்புறம், கட்டுரையில் இரண்டு வரியாவது சேருங்கள்.