எல்லோரும் அவனை மெச்சிய ஐந்து மாதம்

அக்கா மகன் மெத் (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) எடுத்துக்கொண்டிருந்த ஐந்து மாதமும் எங்கள் குடும்பத்தில் அவனுக்குப் 'பொறுப்பான பிள்ளை' என்றுதான் பெயர். பகலில் ஒரு கடையில் வேலை, ராத்திரியில் சாப்பாடு டெலிவரி. விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு வந்தவன் படுக்காமல் பைக்கைத் துடைப்பான், மொட்டை மாடியைக் கழுவுவான், பரணில் கிடந்த சாமான்களை இறக்கி அடுக்குவான். தொப்பை கரைந்து ஆள் சிக்கென்று ஆகியிருந்தான். "உன் புள்ளையைப் பார்த்தாவது எங்க வீட்டுதுக்குப் புத்தி வரட்டும்" என்று எதிர்வீட்டுக்காரம்மா அக்காவிடம் சொன்னார். பொங்கலுக்கு வந்தபோது நானே, "வீட்டுக்கு வந்து என் பையனுக்கும் நாலு வார்த்தை சொல்லுடா" என்று கேட்டிருக்கிறேன்.

அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

போன வாரம் மெத்தம்பெட்டமைனுடன் பிடிபட்ட சில பையன்களின் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. கீழே கருத்துகளைப் படித்தேன். "சுட்டுத் தள்ளணும்" என்று பலர். அதைவிட என்னை உறுத்தியது, "மூஞ்சைப் பார்த்தாலே தெரியுது" என்று ஒருவர் எழுதியதும், அதற்கு விழுந்திருந்த லைக்குகளும்தான். ஐந்து மாதம் தினமும் அந்த மூஞ்சைப் பார்த்துச் சோறு போட்டவள் என் அக்கா. அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஒன்றும் அசட்டையான அம்மா இல்லை. அவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பாள். சாராய வாடை இல்லை, சிகரெட் வாடை இல்லை, கஞ்சா வாடை இல்லை. நடை தள்ளாடவில்லை, பேச்சு குழறவில்லை. போதை என்றால் ஒருவன் சரிந்து விழ வேண்டும், கண் செருக வேண்டும், வேலைக்குப் போகாமல் சுருண்டு கிடக்க வேண்டும் என்றுதானே நமக்குப் பழக்கம்? டாஸ்மாக் வாசலில் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. இந்தப் பொருளோ ஆளைத் தூக்கி நிறுத்துகிறது. பசியையும் தூக்கத்தையும் அடிக்கிறது. கண்மணி விரிந்திருக்கும், வாய் ஓயாமல் பேசும், தாடை இறுகியிருக்கும். இதையெல்லாம் பார்த்து 'பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்' என்று சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், இந்த மருந்து பிறந்து வளர்ந்ததே இப்படித்தான் என்று தெரிந்தது. 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இதை முதலில் உருவாக்கினார். 1938இல் ஜெர்மனியில் 'பெர்விடின்' என்ற பெயரில் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. 1940இல் பிரான்சின் மேல் படையெடுத்த ஜெர்மன் சிப்பாய்கள் தூங்காமல் முன்னேற அதைத்தான் விழுங்கினார்கள். ஜப்பானில் 'ஹிரோப்பான்' என்று விற்றது. உழைப்பை விரும்புதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது! போர் முடிந்ததும் அங்கே ஏராளமானோர் அதற்கு அடிமையாகி, 1951இல் தனிச்சட்டம் போட வேண்டி வந்தது. தாய்லாந்தில் இது கலந்த மாத்திரையை லாரி ஓட்டுநர்கள் விழுங்கினார்கள். முதலில் அதற்கு 'குதிரை மருந்து' என்று பெயர், பிறகு அதுவே 'பைத்திய மருந்து' ஆனது. சிப்பாய், தொழிலாளி, லாரி ஓட்டுநர். எல்லோரும் கண் விழித்து வேலை செய்ய வேண்டியவர்கள்.

எங்கள் பையனிடமும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். "தூக்கம் வராது, டயர்டு தெரியாது, ரெண்டு ஷிப்ட் அசால்ட்டா பார்க்கலாம்." கஞ்சாவைத் தொடவே மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவன் அவன். இதை அவன் போதை என்றே நினைக்கவில்லை.

போதைப்பொருள் என்றால் நம் மனதில் இருக்கும் படங்கள் இரண்டுதான். ஒன்று, கடலில் பிடிபடும் மூட்டை. 2024 நவம்பரில் அந்தமான் பக்கம் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் 5,500 கிலோவுக்கு மேல் மெத்தைக் கடலோரக் காவல்படை பிடித்தது நினைவிருக்கும். இன்னொன்று, பல் கொட்டி, முகமெல்லாம் புண்ணாகி நிற்கும் வெள்ளைக்காரரின் 'முன்பு, பின்பு' புகைப்படம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு ஷெரிஃப் அலுவலகம் 2004இல் கைதிகளின் படங்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. நம் வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றும் படங்களெல்லாம் அந்த வகைதான். பல் போவது பொய்யில்லை. எச்சில் வற்றும், பல்லை நறநறவென்று கடிப்பார்கள், நாள்கணக்கில் பல் துலக்காமல் இனிப்புக் குளிர்பானமாகக் குடிப்பார்கள். ஆனால் முற்றிப்போன நிலையில் வருவது அது. பல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

எங்களுக்கு அது கைமீறியது ஒரு ராத்திரி. இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். ஆட்டோ பிடித்துப் போனேன். கூடத்துச் சுவரில் ஸ்விட்ச் போர்டு கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் திருகுகள் ஒரு எவர்சில்வர் மூடியில் வரிசையாக, தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கியிருந்தன. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, அவன் இடது முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தான். சொறிந்த இடத்தில் ரத்தம். தோலுக்கு அடியில் ஏதோ ஊர்கிறது என்றான். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, "சித்தி, பேசாதீங்க. உள்ள மைக் வெச்சிருக்காங்க" என்றான். மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை. அக்கா விபூதிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் வீணாக்கினோம். காத்து கருப்பு என்றார்கள். மந்திரிக்கிறவர் ஒருவர் கயிறு கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மாமா பயந்தார். மூன்றாம் நாள் மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாக எப்போது தூங்கினாய் என்று அவனிடம் கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இல்லாத குரல் கேட்பதும், யாரோ துரத்துகிறார்கள் என்று நினைப்பதும் மெத் உண்டாக்கும் மனநோய் அறிகுறிகள். பெரும்பாலோருக்கு நிறுத்திய சில நாட்களில், வாரங்களில் தெளிந்துவிடும். சிலருக்குத் தெளியாமல் நீடிப்பதும் உண்டு. கோகெயின் உடம்பிலிருந்து பாதி கழிய ஒரு மணி நேரம் போல ஆகும் என்றால், இதற்குப் 10 முதல் 12 மணி நேரம். அவ்வளவு நேரமும் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பு கொதிக்கும். இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் பக்கவாதம் வரலாம், மாரடைப்பு வரலாம். கூடவே குடித்தால் போதை ஏறியதே தெரியாமல் இன்னும் இன்னும் குடிப்பான், இதயத்துக்கு இரட்டைச் சுமை.

இவ்வளவு ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது, பொய் எதற்குச் சொல்கிறோம் என்பதுதான் என் கோபம். "ஒரே ஒரு தடவை தொட்டால் போதும், அடிமை" என்று பள்ளிக்கூடத்தில் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். முதல் தடவை எடுத்தவன் மறுநாள் எழுந்து வழக்கம்போல வேலைக்குப் போகிறான். நாம் சொன்னதை நம்புவானா? 'இவங்க சொன்னதெல்லாம் கதை' என்று முடிவு செய்துவிடுவான். அதற்கப்புறம் இதயத்தைப் பற்றிச் சொன்னாலும் கேட்க மாட்டான். எங்கள் பையன் இதையே சொன்னான்: "பயமுறுத்தின மாதிரி ஒண்ணும் ஆகல சித்தி, அதனாலதான் தைரியம் வந்துச்சு." அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2005இல் இருந்து 'ஒரு தடவைகூட வேண்டாம்' என்று குலைநடுங்க வைக்கும் விளம்பரங்களைப் பெரும் பணம் கொட்டி ஓட்டினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், அந்த விளம்பரங்களால் உபயோகம் குறைந்தது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

மாமா பயந்த போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நிறைய வீடுகள் இங்கேதான் முடங்கிக் கிடக்கின்றன. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானதுதான். மெத்தில் 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, தண்டனை பத்து வருடத்தில் ஆரம்பிக்கும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்த குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை ஒருவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட இடத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால் அவர் மேல் வழக்கு நடத்தக்கூடாது என்கிறது அது. மெத்துக்குச் சிறிய அளவின் வரம்பு 2 கிராம். பாதியில் விட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். இதை எந்தக் காவல் நிலையச் சுவரிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

அவனை நிறுத்த வைத்த பிறகு வந்த வாரங்களைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. தூங்கினான், நாள் முழுக்கத் தூங்கினான். எழுந்தால் அகோரப் பசி. பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். "மறுபடி சோம்பேறி ஆயிட்டான்" என்று மாமா ஒரு நாள் கத்திவிட்டார். மூளையில் சந்தோஷத்துக்கான டோபமைன் என்ற ரசாயனத்தை இந்தப் பொருள் மாதக்கணக்கில் வாரி இறைத்திருக்கிறது. மூளை தேறி வர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கும் காலமும் இதுதான், அதனால் அக்கா அவன் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். ஊசி போட்டு ஒரே நாளில் விட வைக்கும் மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. ஆலோசனை, சிறுநீர்ப் பரிசோதனை, சுத்தமாக இருக்கும் வாரங்களுக்குச் சின்னச் சின்னப் பரிசு, இப்படி நாள் பிடிக்கிற வைத்தியம்தான். ஒரு தடவை சறுக்கினான். மறுபடி போனோம்.

அடிக்கிற, சங்கிலியில் கட்டுகிற தனியார் இல்லங்களில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேட்டுப் பாருங்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் பேசுவார்கள். எங்கே போவது என்று தெரியாமல் இருப்பவர்கள் எனக்கு உள்பெட்டியிலும் எழுதலாம், பெயர் சொல்ல வேண்டாம். அக்காவும் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்றால் அவளுக்கு வசதி.