பீட்டா வெளியீடு குறித்து ஒரு திருத்தம்

ஆவணங்கள் தயாரிக்க உதவும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸின் பீட்டாவைப் (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) பற்றி, “லிப்ரே ஆபீஸில் சோதிக்க ஆளில்லை, அதனால்தான் பீட்டாவைப் பொதுவில் விட்டு, சேலத்து அச்சகங்களைச் சோதனை எலியாக்குகிறார்கள்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அத்திட்டத்துக்கெனத் தரச் சோதனைக் குழு உண்டு. நிரலில் சேரும் மாற்றங்கள் தானியங்கிச் சோதனைகளுக்கும் உட்படுகின்றன. ஆனால் உலகிலுள்ள எல்லா எழுத்துருக்களையும் பிரிண்டர்களையும் எந்தக் குழுவாலும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட முடியாது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு பிடிஎஃப் ஆக்கும்போது விலகி நிற்கிறதா என்பதை, செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்பவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அதை இறுதி வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே சொன்னால்தான் திருத்த அவகாசம் கிடைக்கும். பீட்டாவுக்கு அடுத்த ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், இறுதி வெளியீட்டுக்கான வேட்பாளர் பதிப்பு) நிலைக்கு வந்துவிட்டால் புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை, திருத்தங்களும் கூடுதல் மறுஆய்வுக்குப் பிறகே ஏற்கப்படுகின்றன.

லிப்ரே ஆபீஸ் பொதுவில் வைத்திருக்கும் பிழைப் பட்டியல் நீளமாக இருப்பதைத் தரக்குறைவுக்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. மூடிய (மூலநிரலை வெளியிடாத) மென்பொருள்களிலும் பிழைகள் உண்டு, பட்டியல் மட்டும்தான் நம் கண்ணில் படுவதில்லை. (பாதுகாப்புக் குறைபாடுகளை மட்டும், திருத்தம் தயாராகும் வரை, இங்கும் வெளியிடுவதில்லை; அது நியாயமே.)

முகூர்த்த மாதத்தில் கடைக் கணினியில் விஷப்பரீட்சை வேண்டாம் என்ற நண்பரின் எச்சரிக்கையை ஏற்கிறேன். எனினும் எந்தச் சோதனைப் பதிப்பு என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். ஆல்பாவும் (பீட்டாவுக்கும் முந்தைய சோதனைப் பதிப்பு) பீட்டாவும் ‘லிப்ரே ஆபீஸ் டெவ்’ என்ற பெயரில் பழைய பதிப்புக்குப் பக்கத்திலேயே தனியாக அமர்ந்துகொள்ளும்; ஆர்சியோ விண்டோஸில் இருக்கிற பதிப்பை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ஏறிவிடும்.