கட்டைவிரல் வைக்க இடமில்லாத திரைகள்

புதிய கைபேசியோ டேப்லட்டோ அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும், திரையைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம், அதாவது பெசல், முந்தைய மாடலைவிட எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது பெரிய செய்தியாகச் சொல்லப்படுகிறது. விமர்சனம் எழுதுவோரும் "இந்தக் காலத்தில் இவ்வளவு தடித்த பெசலா" என்று ஒரு வரியாவது சேர்க்காமல் விடுவதில்லை. அந்த ஓரம் வெறும் வீண் இடம் என்பதை இப்போது யாரும் கேள்வி கேட்பதே இல்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கருவியைக் கை எங்கே பிடிக்கிறதோ அங்கே ஓரம் வேண்டும். கை படாத இடத்தில் அது எவ்வளவு மெலிந்தாலும் நல்லதே. இதைக் கணக்கில் கொள்ளாமல், கைபேசிக்குப் பொருந்திய அளவுகோலை டேப்லட்டுக்கும் மின்நூல் கருவிக்கும் அப்படியே பொருத்தியதுதான் கோளாறு.

கைபேசியைப் பொறுத்தவரை மெலிந்த ஓரத்தால் உண்மையாகவே நன்மை விளைந்தது. 2017இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன் 8 பிளஸையும் ஐஃபோன் எக்ஸையும் ஒரே மேடையில் அறிமுகப்படுத்தியது. 5.5 அங்குலத் திரை கொண்ட 8 பிளஸின் அகலம் 78.1 மி.மீ., எடை 202 கிராம். 5.8 அங்குலத் திரை கொண்ட எக்ஸின் அகலமோ 70.9 மி.மீ., எடை 174 கிராம். இதில் ஒரு சிறு தந்திரமும் உண்டு: அங்குலக் கணக்கு மூலைவிட்டத்தில் எடுக்கப்படுவதால், திரை நீண்டு ஒடுங்கினால் எண் கூடும், அகலம் குறையும். எக்ஸின் திரை 8 பிளஸின் திரையைவிட ஒடுக்கமானது. இருந்தாலும் பையிலும் கையிலும் அடங்கும் பெரிய திரை என்பது ஓரம் மெலிந்ததால்தான் சாத்தியமானது. கைபேசியை நாம் பின்புறம் உள்ளங்கையாலும் பக்கங்களில் விரல்களாலும் தாங்குகிறோம்; கட்டைவிரலுக்குப் பிடிக்கும் வேலை இல்லை, திரையைத் தொடும் வேலை மட்டுமே. ஆகவே முன்புற ஓரம் பெரிதாக எதையும் தாங்குவதில்லை.

ஆனால் இப்படி மிச்சமான இடத்தை நிறுவனங்கள் எப்படிச் செலவிட்டன என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. உடலைச் சிறிதாக்கலாம், அல்லது அதே உடலில் திரையைப் பெரிதாக்கலாம் என்ற இரண்டு வழிகளில், ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவதையே எடுத்தார்கள். 5.4 அங்குலத் திரையை 64.2 மி.மீ. அகலத்துக்குள் அடக்கிய ஐஃபோன் 12 மினி 2020இல் வந்தது. அடுத்த ஆண்டின் 13 மினியோடு அந்த வரிசை முடிந்துபோனது. சிறிய கை கொண்டவர்களுக்கு மெலிந்த பெசலால் கிடைத்திருக்க வேண்டிய முழுப் பயன் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கறுப்பு ஓரம் சும்மா இருக்கவும் இல்லை. காதொலிப்பான், முன்புறக் கேமரா, முகம் அருகே வந்தால் திரையை அணைக்கும் சென்சார், ஹோம் பொத்தான் எல்லாம் குடியிருந்தது அங்கேதான். அவற்றை வெளியேற்றினால் வேறெங்காவது குடிவைத்தாக வேண்டும். 2016இல் ஷாவ்மி வெளியிட்ட மி மிக்ஸ், திரை முன்புறத்தில் 91.3 சதவீதம் என்ற விளம்பரத்தோடு வந்தது; அதற்காக முன்புறக் கேமரா திரைக்குக் கீழே தள்ளப்பட்டது. செல்ஃபி எடுக்க வேண்டுமென்றால் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2015இல் டெல் எக்ஸ்பிஎஸ் 13 மடிக்கணினியிலும் இதே கதைதான்: மேல் ஓரம் மெலிந்ததால் கேமரா திரையின் கீழ் மூலைக்குப் போனது, காணொளி அழைப்பில் எதிரே இருப்பவர் பார்த்ததோ பேசுபவரின் மூக்குத் துவாரத்தை. 2.25 மி.மீ. அளவுள்ள கேமராவைச் செய்து 2019இல்தான் அதைத் திரைக்கு மேலே கொண்டுவந்தார்கள்.

விலை குறைந்த கைபேசிகளில் மூன்று பக்கமும் மெலிந்து கீழ்ப்பக்கம் மட்டும் தாடைபோலத் தடித்திருப்பதைப் பலர் கேலி செய்கிறார்கள். திரைக்குச் சமிக்ஞை தரும் டிரைவர் சிப்பும் ஃபிளெக்ஸ் கேபிளும் இணைவது அந்தக் கீழ் விளிம்பில்தான். கண்ணாடியின் மேல் அமைந்த எல்சிடி திரையை மடிக்க முடியாது என்பதால் அந்த இணைப்புக்கு இடம் விட்டே ஆக வேண்டும். ஐஃபோன் எக்ஸில் வளையக்கூடிய ஓஎல்இடி தகட்டின் அடிப்பகுதியை உள்ளே மடித்து, இணைப்பைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அது செலவு பிடித்த வேலை. ஆகவே அந்தத் தாடை வடிவமைத்தவரின் அசட்டை இல்லை, அந்தக் கைபேசி நம் பட்ஜெட்டுக்குள் இருப்பதற்கான காரணங்களில் ஒன்று.

ஓரத்தை மெலிய வைப்பதோடு நிற்காமல் திரையையே பக்கவாட்டில் வளைத்துவிட்ட காலமும் ஒன்று இருந்தது. 2015இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்6 எட்ஜ் பார்க்க அழகான பொருள்தான். ஆனால் பிடிக்கும் கையின் சதை வளைவில் பட்டுக்கொண்டே இருக்கும், தொடாததெல்லாம் திறக்கும். படிப்படியாக வளைவைக் குறைத்துக்கொண்டே வந்து, 2024இல் எஸ்24 அல்ட்ராவில் தட்டையான திரைக்கே திரும்பினார்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. ஆங்கில விசைப்பலகையின் மேல் எழுத்து வரிசையில் 10 விசைகள், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் 12. கணினியில் உள்ள அமைப்பையே கைபேசியில் கொண்டுவந்தால், ஏறத்தாழ 65 மி.மீ. அகலமுள்ள திரையில் ஒரு விசைக்குக் கிடைப்பது ஐந்தரை மி.மீ.தான். இடக்கோடியில் 'ஆ', வலக்கோடியில் 'ஞ'. திரை விளிம்பு வரை வந்துவிட்ட கைபேசியில் இந்த இரண்டும் சட்டகத்தை ஒட்டியே அமைகின்றன. வளைந்த திரையில் அவை சரிவில் இறங்கிவிடும். போதாக்குறைக்கு 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இரு பக்க விளிம்புகளிலிருந்தும் உள்நோக்கி இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வசதியும் சேர்ந்தது. ஒரே விளிம்பில் எழுத்தும் கட்டளையும் நெருக்கியடித்துக்கொள்கின்றன. 'ஆனால்' என்று தொடங்க விரல் சற்றே வழுக்கினால் விசைப்பலகையே மறைந்துவிடும்.

இதற்குச் சந்தை கண்ட தீர்வுதான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. கைபேசி வாங்கிய அன்றே நாம் பேக் கவரும் டெம்பர்டு கிளாஸும் போடுகிறோம். கீழே விழுந்தால் அடி திரையில் நேராகப் படாமலிருக்க, கவரின் விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்று கடைக்காரரே அக்கறையோடு தேர்ந்தெடுத்துத் தருகிறார். தவறிப்போய்த் திரை உடைந்தால், டச்சும் டிஸ்பிளேயும் ஒட்டிய 'காம்போ' முழுவதையும் மாற்ற வேண்டும், வளைந்த ஓஎல்இடி என்றால் கைபேசி விலையில் கணிசமான பங்கைக் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, நிறுவனம் பெரும் செலவில் அகற்றிய ஓரத்தை நாம் ரப்பரில் திரும்ப வாங்கி மாட்டிக்கொள்கிறோம். அந்த உயர்ந்த விளிம்பு தடுப்பதால், விளிம்பிலிருந்து இழுக்கும் சைகை சரியாக விழுவதில்லை என்பது கூடுதல் பரிசு.

கைபேசியோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். டேப்லட்டின் பிடியே வேறு. உள்ளங்கை அதைச் சுற்றி வளைக்க முடியாது. நான்கு விரல்கள் பின்னாலும் கட்டைவிரல் முன்னாலும் நின்று கிடுக்கிபோலக் கவ்வ வேண்டும். 2010இல் வந்த முதல் ஐபேடின் எடை 680 கிராம், திரையைச் சுற்றி ஏறத்தாழ 2 செ.மீ. ஓரம் இருந்தது. அதை அந்தக் காலத்தின் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் இன்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கட்டைவிரல் முழுதாகப் படிந்து அத்தனை எடையையும் தாங்க அந்த 2 செ.மீ. தேவைப்பட்டது. 2012இல் 308 கிராம் எடையோடு ஐபேட் மினி வந்தபோது பக்க ஓரங்கள் சுமார் 7 மி.மீ. ஆகச் சுருங்கின, கட்டைவிரல் திரைமேல் ஏறத்தான் செய்யும் என்பதை ஆப்பிளே உணர்ந்து, ஓய்வாகப் படிந்திருக்கும் விரலைத் தொடுகையாகக் கொள்ளாத மென்பொருளையும் சேர்த்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அசையாத விரலைக் கண்டுகொள்வதுதான் மென்பொருளுக்கு எளிது. ஓடும் ரயிலில் விரல் எங்கே அசையாமல் இருக்கிறது?

2018இல் ஹோம் பொத்தான் இல்லாத ஐபேட் ப்ரோ வந்தபோது முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் கேமராவைக் குட்டைப் பக்க ஓரத்தில் வைத்தார்கள். கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் கை போய் மூடிக்கொள்வது சரியாக அந்த இடத்தைத்தான். கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் அம்புக்குறி போட்டு, பயனரிடமே கையை நகர்த்தச் சொன்னார்கள். நீளப் பக்கத்துக்கு முன்புறக் கேமரா நகர்ந்தது 2022இல் சாதாரண ஐபேடில். ப்ரோவுக்கு 2024 வரை ஆனது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது மின்நூல் கருவி. 2016 இறுதியில் அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வரத் தொடங்கிய பிறகு அந்த வகைக் கருவிகளில் நிறையப் படிக்கிறேன். அச்சுப் புத்தகத்தில் எழுத்தைச் சுற்றி விடப்படும் வெள்ளை ஓரத்தில்தான் கட்டைவிரல் படிந்து பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது. மின்நூல் கருவியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது பெசல். இப்போது என்னிடமுள்ள கருவியில் திரையும் ஓரமும் ஒரே சமதளக் கண்ணாடி, ஓரமோ ஒடுக்கம். படுத்துக்கொண்டு படிக்கையில் கட்டைவிரல் மெல்ல உள்ளே சரிகிறது, பக்கம் புரள்கிறது. திருப்பி வர இடப்பக்கம் தொட்டால் சில சமயம் இரண்டு பக்கம் பின்னே போய்விடுகிறது. திரை சற்றுத் தாழ்ந்து ஓரம் உயர்ந்திருந்த பழைய கருவிகளில் விரலுக்கே எல்லை தெரியும்; கண்ணை வரியிலிருந்து எடுக்கத் தேவையில்லை.

2007இல் வந்த முதல் கிண்டில் இதற்கு நேர்மாறான தவறைச் செய்தது. இரு ஓரங்களிலும் பக்கம் திருப்பும் நீண்ட பொத்தான்களைப் பதித்துவிட்டதால், கருவியைக் கையில் எடுக்கும்போதே பக்கம் ஓடியது. பொத்தான் இருந்தால் மட்டும் போதாது, எதுவும் நிகழாத ஒரு வெற்றிடமும் அதனருகில் வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று. அதைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த கருவி என்று 2016இன் கிண்டில் ஓயாசிஸைச் சொல்வேன். மூன்று பக்க ஓரங்களை மெலிய விட்டு, நான்காவது பக்கத்தை மட்டும் அகலமாக்கி, பின்புறத்தில் அந்தப் பகுதியைத் தடித்த பிடியாக்கி, கருவியின் எடை உள்ளங்கையிலேயே விழும்படி செய்திருந்தார்கள். மொத்த எடை 131 கிராம். பொத்தான்கள் அந்த அகன்ற ஓரத்தில் இருக்கும். கருவியைத் தலைகீழாக்கி மறு கையில் பிடித்தால், திரையில் உள்ள எழுத்தும் தானே நிமிர்ந்துகொள்ளும். அழகுப் போட்டியில் ஒருபக்கம் பெருத்த உருவம் தோற்றிருக்கலாம், படிப்பவரின் கையில் அதற்கு இணையில்லை. அமேசான் அந்த வரிசையை 2024இல் முடித்துக்கொண்டது. கோபோ நிறுவனமோ லிப்ரா வரிசையில் அதே போன்ற வடிவத்தைத் தொடர்ந்து, 2024இல் வண்ணத் திரையோடும் வெளியிட்டது.

நான் பெசலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக் கருவியின் 7 அங்குலத் திரை, 2023இன் ஓஎல்இடி மாடலில் அதே அளவு உடலுக்குள் 7.4 அங்குலமானது, யாருக்கும் அதனால் நட்டமில்லை, ஏனென்றால் அங்கே கைகள் பிடிப்பது திரைக்கு இருபுறமும் தனியாக அமைந்த கைப்பிடிகளை. நின்டெண்டோ ஸ்விட்சும் 2021இல் இதே வழியில் 6.2இலிருந்து 7 அங்குலத்துக்குப் போனது.

டேப்லட்டோ மின்நூல் கருவியோ வாங்கப் போகிறவர்கள், கடையில் மாதிரிக்கு வைத்திருப்பதைக் கேட்டு வாங்கி, ஒற்றைக் கையில் தூக்கி, கட்டைவிரலை முன்னால் வைத்துச் சில நிமிடம் நின்றபடியே படித்துப் பாருங்கள். விவரப் பட்டியலில் திரையின் அங்குலமும் பிக்சல் எண்ணிக்கையும் இருக்கும். ஓரத்தின் அகலம் எத்தனை மி.மீ. என்பதைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். பக்கம் திருப்பும் பொத்தானும் ஒருபக்க அகன்ற ஓரமும் உள்ள மின்நூல் கருவியை இந்தியாவில் உத்தரவாதத்தோடு வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், எங்கே, என்ன விலைக்கு என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தமிழ் எழுத்துரு அதில் எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.